ஆறு மாதம் கூடும்போது

எனக்குக் கோபம் வந்தால் மலையாளம்தான் வரும். கல்யாணமாகித் திருவனந்தபுரம் ஆரியசாலைக்கு வந்த புதிதில் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டவள், ஆட்டோக்காரரிடமும் கரண்ட் ஆபீஸிலும் மகனுடைய பள்ளிக்கூடத்திலும் சண்டை போட்டுப் போட்டுத்தான் அந்த பாஷையைப் பிடித்தேன். அழுகை மட்டும் இன்றுவரை நாகர்கோவில் பக்கத்துத் தமிழில்தான் வருகிறது. அக்கா விஷயத்தில் இரண்டு பாஷையும் எனக்குத் தேவைப்பட்டன.

அக்கா ஈரலில் கட்டி வந்து செத்துப்போனாள். ஒரு மலையாளச் சொல்தான் அவளைக் கொன்றது என்று கொஞ்ச காலம் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாலைக் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடைக்கு வருகிற வியாபாரிகளைக்கூட விட்டுவைக்கவில்லை. குக்கர் விலை கேட்க வந்தவர் என் அக்கா கதையைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

முதலில் அம்மாவைச் சொல்ல வேண்டும். அம்மாவும் அதே ஈரல் கட்டியில்தான் போனாள். எங்கள் வீட்டில் சாராய வாடையே கிடையாது. ஆனாலும் துக்கத்துக்கு வந்தவர்கள், குடிகாரனுக்கு வருகிற சீக்கு இவளுக்கு எப்படி வந்தது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். அப்பா காதில் விழும்படியே பேசினார்கள். கடைசியில் அம்மாவைப் பார்த்த டாக்டர்தான் எங்களை உட்காரவைத்து விளக்கினார். இது ஒரு மஞ்சள் காமாலைக் கிருமி, பி என்று ஒரு வகை. பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்துவிடும், வந்தால் பல வருஷம் சத்தம் காட்டாமல் உள்ளேயே கிடக்கும், பிள்ளைகள் எல்லாரும் ரத்தம் பாருங்கள் என்றார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் இருந்தது. நகையிலும் பாத்திரத்திலும் யாருக்கு எது என்று எத்தனையோ மனஸ்தாபம் வந்த வீட்டில், அம்மா சமமாகப் பங்கிட்டுக் கொடுத்தது இது ஒன்றைத்தான்.

மருந்து இப்போதைக்கு வேண்டாம் என்று நான் காட்டிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கிருமி தூங்குகிறது, எழுந்தால் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஈரலைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி பட்டாணி அளவில் இருக்கும்போது கண்ணில் பட்டால் வெட்டி எடுக்கலாம், சுட்டுப் பொசுக்கலாம், ஆள் பிழைத்துக்கொள்வார். வலி வந்து, வயிறு வீங்கி, அதற்குப் பிறகு பார்த்தால் டாக்டர்களால் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. வலி வருவதற்கு முன்னால் அது தெரிவது ஸ்கேனில் மட்டும்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. எங்கள் இரண்டு பேர் உயிரும் அதில்தான் தொங்கியது.

என் ஸ்கேன் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் கடையில் எல்லாருக்குமாக ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறார். அதைக் காட்டினால் பைபாஸ் ரோட்டில் இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில் கதவு தானாகத் திறக்கும். ஆறு மாதம் ஆகப்போகிறது என்றால் போனில் மெசேஜ் வரும். நான் கண்டுகொள்ளாவிட்டால் ஒரு பெண் கூப்பிடுவாள். "மேடம், ஸ்கான் டியூ ஆயிட்டுண்டு. ஏது திவசமா சௌகரியம்?" எந்த நாள் சௌகரியம் என்று என்னிடம் கேட்கிறாள்! ஜிஎஸ்டி கணக்கோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுகிறாளே, இந்தப் பெண்ணுக்கு வேறு வேலையே இல்லையா என்று பல தடவை எரிந்து விழுந்திருக்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு போய்ப் படுத்தால் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை வைத்து அழுத்திப் பார்ப்பார்கள். பார்க்கிற அம்மாள் அதற்குள் தேங்காய் விலையிலிருந்து மருமகள் குணம் வரைக்கும் பேசி முடித்திருப்பாள். வெளியே வந்து ஒரு மசால் தோசை. கடை திறந்து சாம்பிராணி போடும் நேரத்துக்கு நான் என் நாற்காலியில் இருப்பேன்.

அக்கா இருந்தது பொன்முடி மலையில். மூத்தவள் என்பதால் பத்தாம் வகுப்போடு நிறுத்தி, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அத்தானுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பெர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்கள். குவார்ட்டர்ஸ் என்றால் லயம். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக வீடு, இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் கேட்கும். அக்காவும் கொழுந்து கிள்ளப் போனாள். லயத்தில் பெரும்பாலும் தமிழாட்கள், மேஸ்திரி திட்டுவதும் தமிழில். அவளுக்குத் தெரிந்த மலையாளம் ரேஷன் கடைக்கும் பஸ்ஸுக்கும் போதும். நான் மலையாளத்தில் யாரையாவது விளாசுவதைப் பார்த்தால் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரிப்பாள். "எட்டி, நீ பேசுக பேச்சுக்கு அவன் ஊரை விட்டே போயிருவான்" என்பாள்.

அவளுடைய முதல் ஸ்கேனுக்கு நானும் கூட நடந்தேன். என் ஆஸ்பத்திரிக்கே வா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். "ஒன் மாப்பிள்ளை காசுல நான் வயித்தைக் காட்டிட்டுக் கிடக்கவா? சர்க்காருல சும்மா பாக்கான்லா" என்று விட்டாள். அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும், என்னுடையதும் அதே கம்பெனிச் சரக்குதானே. சரி என்று அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். மலையிலிருந்து அவள் இறங்கி வருவது என்றால், லயத்திலிருந்து ரோட்டுக்கு நடந்து, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத பஸ்ஸுக்குக் காத்து நின்று, கொண்டை ஊசி வளைவில் எல்லாம் வாந்தி எடுத்து, அடிவாரத்தில் வேறு பஸ் மாறி வர வேண்டும். வந்து ஓபியில் வரிசையில் நின்றால், ஸ்கேனுக்கு ஒரு தேதி எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தேதி மழைக்காலம் தாண்டிக் கிடந்தது. அந்தத் தேதியில் திரும்ப இறங்கி வந்தாள். மெஷின் கேடாகிக் கிடக்கிறது, இன்னொரு நாள் வா என்றார்கள். அன்றைக்கு நான் அங்கே போட்ட சத்தத்தில் செக்யூரிட்டி வந்துவிட்டார். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுட்டி. அவங்க என்ன செய்வாங்க? மெஷினு சவம் கெட்டுப்போச்சுன்னா அவங்களா கெடுத்தாங்க?" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நாள் கூலி போனது, மேஸ்திரியிடம் மூஞ்சி போனது.

கடைசியில் ஒரு வழியாக ஸ்கேன் முடிந்து டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். சின்ன வயசு டாக்டர். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத முகம். எங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள், அவருக்குப் பின்னால் அடுத்த ஆள் என்று வாசல் வரைக்கும் ஜனம் நெரிந்தது. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "குழப்பமொன்னுமில்லா. ஆறு மாசம் கூடும்போள் ஸ்கான் செய்யணம், கேட்டோ?" என்றார். சரி என்பதற்கு நான் "ஓ" என்றேன். அக்காவும் "ஓ" என்றாள். அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

மலையாளத்தில் குழப்பம் என்றால் கோளாறு. கோளாறு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னது சரிதான். நம்முடைய குழப்பம் அந்த அறையில்தான் உண்டானது, ஆனால் அப்போது எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியவில்லை. கிழக்கேகோட்டையில் அக்காவை பஸ் ஏற்றும்போது, "கேட்டேல்லா? ஆறு மாசம். அடிவாரத்து ஆஸ்பத்திரியிலயே எடுக்கலாமாம்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னேன். "கேட்டேன், கேட்டேன். எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். பையில் அவளுக்காக நான் வாங்கி வைத்திருந்த முறுக்கை எடுத்துக் கடித்துக்கொண்டே போனாள்.

அதற்குப் பிறகு வருஷங்கள் போயின. என் ஸ்கேன் முடிந்ததும் அக்காவுக்கு போன் போடுவது வழக்கமாகிவிட்டது. அவளிடம் தனியாக போன் கிடையாது. அத்தானுடைய போன்தான், அதுவும் அவர் லயத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போடுவேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவே பேசுவோம்.

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா. ஒனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கும் அப்படியேதான் இருக்கு. கூடல."

"டாக்டர் சொன்ன மாதிரி செய்யுதியா?"

"சொன்ன மாதிரியேதான் செய்யுதேன். நீ வைட்டி, போன் காசு போகுது."

கூடவில்லை என்றால் ரிப்போர்ட்டில் கூடவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வேன்? ஸ்கேன் எடுத்து வந்தவளிடம் கேட்கிறோம், அவள் கூடவில்லை என்கிறாள். நிம்மதியாக போனை வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்வேன், அக்காவுக்கும் நல்லபடியாக இருக்கிறதாம் என்று.

மாசியில் ஆற்றுக்கால் கோயிலுக்காகப் பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு வைத்துப் பொங்கலிடுகிற பொங்காலைக்கு அக்கா தவறாமல் வருவாள். முந்தின நாளே வந்து, எங்கள் கடை ஷட்டருக்கு எதிரே செங்கல் போட்டு இடம் பிடித்துவிடுவாள். அந்த வருஷமும் வந்தாள். சாயங்காலம் வந்தபோது புடவையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முகம் கறுத்திருந்தது, மலை வெயில் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் தெரு முழுக்க அடுப்பு, தெரு முழுக்கப் பெண்கள். கோயில் அடுப்பில் தீ வைத்ததும் அந்தத் தீ அடுப்பு அடுப்பாகத் தெருத்தெருவாக வரும். எல்லாரும் ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தோம். அக்காவால் குந்த முடியவில்லை. ஒரு பலகை கேட்டாள். பலகையில் உட்கார்ந்தபோது முந்தானை விலகியது. தோள் இரண்டும் ஹேங்கரில் போட்ட ஜாக்கெட்டாக இருந்தன. வயிறு மட்டும் ஏழு மாதத்துக்காரி வயிறு.

"என்னக்கா இது, வயிறு?"

"அதாம்ட்டி. கூடிட்டு." குரலில் பயமே இல்லை. "தையிலேருந்துதான் கூடுது. பொங்காலை முடிஞ்சதும் ஸ்கேன் எடுத்துருவோம்னு மாத்துத் துணியெல்லாம் கொண்டாந்திருக்கேன். இனி எடுக்கணும்லா?"

"இனியா? போன ஆறு மாசத்துல எடுத்தது எங்க?"

"எங்க எடுத்தேன்? அப்ப கூடலியே."

எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பதைவிட, புரிந்ததை உள்ளே விட மனசு இடம் கொடுக்கவில்லை. "டாக்டர் என்ன சொன்னாரு? அவர் சொன்னதை அப்படியே சொல்லு" என்றேன்.

"நீயும்தானே பக்கத்துல இருந்தே. ஆறு மாசம் பாக்கணும், கூடும்போது ஸ்கேன் செய்யணும்னு சொன்னாரு. நானும் ஒவ்வொரு ஆறு மாசமும் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். வயித்தைத் தொட்டுப் பாப்பேன், வலி இருக்கான்னு பாப்பேன். கூடவே இல்ல. கூடாம என்னத்துக்குப் போயி அந்த மெஷினுக்கு முன்னால கிடக்கணும்? இப்பதான் கூடிருக்கு."

'ஆறு மாசம் கூடும்போள்' என்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. திருவனந்தபுரத்தில் பால்காரர்கூட அப்படித்தான் பேசுவார், மாசம் கூடும்போள் காசு தந்தால் மதி, அதாவது மாதத்துக்கு ஒருமுறை தந்தால் போதும் என்று. எனக்கு அது காதில் விழும்போதே அர்த்தமாகிவிடும். அக்கா அதைத் தமிழில் கேட்டிருக்கிறாள். கூடும்போது, அதாவது நோய் கூடும்போது. தமிழ் தெரிந்த யார் கேட்டாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். அடப் பாவி டாக்டரே என்று வாயில் வந்தது. அடப் பாவி அக்கா என்றும் வந்தது. இரண்டையும் சொல்லவில்லை. "தீ வந்நு, தீ வந்நு" என்று பக்கத்து அடுப்புக்காரி என் ஓலையைப் பிடுங்கிப் பற்றவைத்தாள். தெரு முழுக்கப் புகை எழும்பியது. புகையில் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததால் நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. அக்கா குலவை போட்டாள்.

இந்தத் தடவை பிடிவாதத்துக்கு இடமே கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் என் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குப் பார்க்கிற அதே அறை, அதே கட்டில், தேங்காய் விலை பேசுகிற அதே அம்மாள். அவள் என்னைப் பார்த்ததும் சிரித்து, "சேச்சி வந்நல்லோ" என்று ஆரம்பித்தாள். அக்கா வயிற்றில் கருவியை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். மேலே தேய்த்தாள், பக்கவாட்டில் தேய்த்தாள். அந்த வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. அக்கா படுத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இம்புட்டுதானா? வலிக்கவே இல்லியேட்டி. இதுக்கா அன்னைக்கு அப்படிப் பயந்தேன்?" என்றாள்.

அங்கே இருந்த பெரிய டாக்டர் நல்ல மனுஷர். தமிழும் மலையாளமும் கலந்து, மெதுவாகச் சொன்னார். கட்டி ஒன்று இல்லை, பல. பெரியது ரத்தக் குழாய்க்குள்ளேயே இறங்கிவிட்டது. வெட்ட முடியாது, சுட முடியாது, ஈரல் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. வயிற்றில் தேங்கியிருக்கிற தண்ணீரை எடுத்துவிட்டால் கொஞ்சம் மூச்சு விடலாம். "சிறுதாயிருந்நப்போள் கண்டிருந்நெங்கில்..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து மீதியை விட்டுவிட்டார். சிறியதாக இருந்தபோது கண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான்தான் ஒவ்வொரு தடவையும் அந்த அறையிலிருந்து வெளியே வந்து மசால் தோசை சாப்பிட்டவள்.

வெளியே வராந்தாவில் ஏசி குளிரில் அக்கா முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னதில் பாதி அவளுக்கு விளங்கியிருந்தது. மறைத்துப் பேச எனக்குத் தெரியாது, மீதிப் பாதியை நான் சொன்னேன். முந்தானையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"ஒனக்கு எப்படிட்டி ஞாபகம் இருக்கும், ஆறு மாசத்துக்கு ஒருக்கான்னு? எனக்கு ரேஷனுக்குப் போகவே மறந்துருது."

"போன் பண்ணுவாங்கக்கா."

"யாரு?"

"இந்த ஆஸ்பத்திரியிலேருந்து."

"அவங்களேவா? அவங்களே கூப்பிட்டு வரச் சொல்லுவாங்களா?"

"ஆமா."

"என்னையும் ஒருக்கா கூப்பிட்டிருக்கலாம்லா" என்றாள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அழைக்க விட்டுப்போனதைச் சொல்கிற மாதிரி, கோபமில்லாமல் சொன்னாள். என் மனசு அங்கேயே வெந்துபோனது.

என் வீட்டில் இரு என்றேன், கேட்கவில்லை. மகள் வேலைக்குப் போய்விடுவாள், அத்தானுக்குச் சோறு பொங்க ஆளில்லை என்று மலைக்கே போனாள். தண்ணீர் எடுப்பதற்கு ஜீப் பிடித்து அடிவாரத்துக்குக் கொண்டுவருவார்கள். எடுத்த தண்ணீர் திரும்ப ஊறும். வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கின வாரத்தில், ஜீப்புக்குச் சொல்லிவிட்டு அத்தான் பாறையில் நின்றுகொண்டிருந்தபோதே அக்கா போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது லயத்துக்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அக்காவைக் குளிப்பாட்டும்போது பார்த்தேன், கை மட்டும் அப்படியே இருந்தது. கொழுந்துக் கறை படிந்த கட்டைவிரல். அத்தான் என் பக்கத்தில் வந்து நின்று, "நானும் அதேதான் நெனச்சேன், கூடும்போது போலாம்னு" என்றார்.

காரியம் முடிந்து திரும்பியதும் நேராக அந்த அரசு ஆஸ்பத்திரி ஓபிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால் சண்டை போடத்தான். அன்றைக்கு இருந்த டாக்டர் மாறிப் போயிருந்தார். அவர் இடத்தில் இன்னொரு சின்னப் பையன், இவருக்கும் கண் சிவந்திருந்தது. வரிசையை முந்திக்கொண்டு போய் மேஜையைத் தட்டி மலையாளத்தில் கொட்டித் தீர்த்தேன். கூடும்போள் என்று சொல்லலாமா, தமிழாட்களுக்கு அது எப்படி விளங்கும், ஒரு உயிர் போயிற்றே, யார் பதில் சொல்வது என்று கத்தினேன். அவர் பேனாவை வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு உண்மையாகவே தெரியாமல் கேட்டார், "பின்னே எங்ஙனெயா பறயேண்டது சேச்சி?" வேறு எப்படிச் சொல்ல வேண்டும் என்று. ஆறு மாசத்தில் ஒரிக்கல், ஒருமுறை, என்று சொல்லணும் என்றேன். "ஆறு மாசத்தில் ஒரிக்கல்" என்று அவர் என் முன்னாலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் வெளியே வரும்போது வரிசையில் நின்றவர்கள் எனக்கு வழிவிட்டார்கள். அவர்கள் விடிந்ததிலிருந்து நிற்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் சொல் கதையைச் சொல்லித் திரிந்தேன். அதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஒரு சொல்லை மாற்றிச் சொல்லியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள் என்று நினைக்கும்போது, காரியம் ஏதோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மாதிரி இருந்தது.

அக்கா மகளுக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் இருந்தது. என் மகனுக்கு இல்லை. அவன் பிறந்தபோது எனக்கே கிருமி இருப்பது தெரியாது, ஆனால் பிரசவம் பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் எல்லாக் குழந்தைக்கும் போடுகிற ஊசி என்று ஒன்றைப் போட்டு அனுப்பினார்கள். அக்கா மகள் லயத்தில் பிறந்தவள், ஊசி போட அங்கே யார் இருந்தார்கள்? அவள் இப்போது நெடுமங்காட்டில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் கேர்ள். மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிற வயசு. அவளை ஓபிக்கு அனுப்புவதற்கு முன்னால் போனில் படித்துப் படித்துச் சொன்னேன். டாக்டர் சொல்வதை நன்றாகக் கேள், விளங்காவிட்டால் திரும்பக் கேள், வெட்கப்படாதே, பின்னால் நிற்கிறவன் முறைத்தாலும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதே. கடையில் லீவு கிடைப்பதற்கே அவளுக்கு ரொம்ப நாள் ஆனது. ஆவணி பிறக்கவில்லை, ஓணத்துக்கு இன்னும் நாள் கிடந்தது, அப்போதுதான் போய்விட்டு வந்தாள். அன்று மத்தியானம் நான் கடை மாடியில் இருக்கும்போது கூப்பிட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு மக்களே?"

"இப்ப மருந்து வேண்டாம். ஆறு மாசம் கூடும்போள் ஸ்கான் செய்யணம்னு சொன்னாரு."

அதே சொல். "ஒனக்கு என்ன வெளங்கிச்சு? எனக்குச் சொல்லு பாப்போம்."

"சித்தி, ஞான் மலையாளம் மீடியமல்லே?" என்றாள், கொஞ்சம் சலிப்போடு. "ஆறு மாசத்துக்கு ஒருக்கா. வலிச்சாலும் வலிக்காட்டாலும். கூடினாலும் கூடாட்டாலும். அம்மாக்கு வெளங்காததெல்லாம் எனக்கு நல்லா வெளங்கிச்சு."

அப்பாடா என்று உட்கார்ந்தேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெஞ்சில் கொஞ்சம் காற்று புகுந்தது.

"அப்ப ஸ்கேன் என்னைக்கு?"

"டேட் தந்திருக்காங்க. அடுத்த வருஷம் பொங்காலை கழிஞ்சு."

"பொங்காலை கழிஞ்சா? அது ஆறு மாசத்துக்கும் மேல ஆச்சேட்டி! நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன் சித்தி. ஆறு மாசத்துக்கு ஒருக்கான்னு நிங்களல்லே பறஞ்ஞதுன்னு அவருகிட்டயே கேட்டேன். சரியாணு, பக்ஷே டேட் இல்லான்னாரு. சரிதானாம், ஆனா டேட் இல்லையாம்."

"நீ இங்க வா. எங்கிட்ட வா. நான் எடுக்க வைக்கேன்."

"வாரேன் சித்தி. அம்மா மாதிரி வேண்டாம்னு சொல்ல மாட்டேன்." அவள் பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. "எனக்குப் பின்னால ஒரு பொண்ணு நின்னா. விதுர பக்கம், என் வயசுதான். அவளுக்கும் இதேதான். அவளுக்குத் தந்த டேட் என் டேட்டுக்கும் பொறவு. அவ யாருகிட்டப் போவா?"

நான் பதில் சொல்வதற்குள் என் காதில் டிக் டிக் என்று இன்னொரு கால் வந்துகொண்டிருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். என் ஆஸ்பத்திரிப் பெண். எனக்கு எந்த நாள் சௌகரியம் என்று கேட்கக் கூப்பிடுகிறாள்.